ஃபைலை மூடிவிட்ட பெற்றோருக்கு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து குழந்தையோடு ஊர் திரும்பியிருக்கும் பெற்றோருக்கு,

குழந்தைக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும் நாளில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வகை அறிவு தேவைப்படுகிறது. என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மாதம் என்பது முதல் வகை. அதை மருத்துவமனை தருகிறது. அந்த மாதங்களை எப்படிக் கடப்பது என்பது இரண்டாவது. வாய்ப்புண்ணோடு சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தால் தொண்டையில் இறங்கும், ரத்த அணு கவுன்ட் இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னால் எவ்வளவு பயப்படலாம், முதுகில் ஊசி போடும் நாளில் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்வதா மறைப்பதா, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும், நோயாளிக்கும் கூட வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகைக்கான சான்றை மருத்துவமனையில் யாரிடம் கேட்க வேண்டும், ஊரில் மாட்டை யார் பொறுப்பில் விட்டு வருவது. இதெல்லாம் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரும்பாவூரிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ கிளம்பும் குடும்பம் திருச்சிக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் வேலூருக்கும் சென்னை அடையாறுக்கும் பஸ் மாறி மாறிப் போகிறது. செந்துறையின் முந்திரிக் காட்டுப் பக்கமிருந்து வருபவர்கள் அரியலூர் போய் ரயில் பிடிக்கிறார்கள். அம்மா மடியில் பிள்ளை, தோளில் மஞ்சள் பை, பைக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் பிதுங்கும் ஃபைல். அந்தப் பையை இரண்டு மூன்று ஆண்டுகள் சுமந்தவர்கள் நீங்கள். இப்போது அதே பையோடு இன்னொரு அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். அவருக்கு உங்களைத் தெரியாது. பக்கத்து ஊரிலேயே நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது நோயின் போக்கைப் பார்த்தால் தெரியும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. 1947ஆம் ஆண்டு வரை அதற்கு மருந்தே இல்லை. கண்டறிந்த சில வாரங்களில், மாதங்களில் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மருந்தை உருவாக்கித் தந்தது எல்லாப்ரகட சுப்பாராவின் ஆய்வுக் குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் சுப்பாராவ். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது என்று 1948இல் ஃபார்பர் எழுதினார். ஆனால் கொஞ்ச காலத்தில் அது திரும்பி வந்தது. நோய் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த பிறகும் நீண்ட நாள் மருந்து கொடுத்தால்தான் வேரறுக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள அடுத்த இருபது ஆண்டுகள் ஆயின. சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் வாரம் ஒரு நாள் நீங்கள் எண்ணி எண்ணிக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் சுப்பாராவின் குழுவிலிருந்து வந்த மருந்துதான்.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு அடையாறில் தொடங்குகிறது. புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று எழுப்பிய புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. பின்னாளில் எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை அடையாறும் மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் ஒரே ஒழுங்கில் கையாளத் தொடங்கின. மூன்று ஊர் மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டதால் இந்தியாவில் பிள்ளைகள் பிழைக்கும் வாய்ப்பு கூடியது. மருத்துவர்கள் தங்களுக்குள் செய்துகொண்டதைப் பெற்றோர் இன்னும் செய்துகொள்ளவில்லை.

பணக்கார நாடுகளில் இன்று குழந்தைப் புற்றுநோயாளிகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை, நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் இது 30 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. இடைவெளிக்குக் காரணங்கள் பல: தாமதமாகக் கண்டறிவது, கிருமித்தொற்று, மருந்துத் தட்டுப்பாடு. இவற்றோடு இன்னொன்றும் உண்டு, சிகிச்சையைப் பாதியில் விடுவது. தொடர்ந்து நான்கு வாரம் சிகிச்சைக்கு வராவிட்டாலே அதைக் ‘கைவிடுதல்’ என்று மருத்துவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள்.

பாதியில் விடும் பெற்றோருக்குப் பிள்ளைமேல் பாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். முதல் சில மாதங்களில் நோய் அடங்கிவிடுகிறது. முடி முளைக்கிறது, பிள்ளை தெருவில் ஓடுகிறது. சின்ன வெங்காயம் பறிக்க ஆள் கிடைக்காத வாரமாக இருக்கும். பருத்தி வெடித்து நிற்கும். அப்பா வளைகுடாவில் இருப்பார். சின்னவளுக்குக் காய்ச்சலாக இருக்கும். “புள்ள நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு மருந்து?” என்று வீட்டுப் பெரியவர் கேட்பார். நோய் திரும்பும் என்று மருத்துவர் சொன்னது அப்போது வெகு தூரத்தில் இருக்கும். அந்த வாரத்தில் அந்தப் பெற்றோரின் வீட்டுக்கு நீங்கள் போனால் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. ஒன்பதாவது படிக்கும் உங்கள் மகனைக் கூட அழைத்துப்போய்த் திண்ணையில் உட்கார வைத்தால் போதும். “இவனுக்கும் இதேதான் இருந்துச்சு. நாங்களும் நடுவுல விட்டுடலாம்னுதான் நெனச்சோம்.” இந்த இரண்டு வாக்கியத்துக்கு இருக்கும் வலு ஆலோசகர் ஒரு மணி நேரம் பேசினாலும் வராது.

ஆனால் நீங்கள் வருவதில்லை. இந்த மடல் எழுதக் காரணமான மனக்குறை அதுதான். சிகிச்சை முடிந்ததும் ஃபைலைப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டு, அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிடுகிறீர்கள். காரணங்கள் புரியாமல் இல்லை. பெண் பிள்ளையாக இருந்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம். பள்ளியில் ‘தொத்திக்கும்’ என்று தனி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். பேசினால் மறுபடி வந்துவிடுமோ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் அச்சம். அந்த ஆஸ்பத்திரி வாசனையை இனி நினைக்கவே வேண்டாம் என்கிற களைப்பு வேறு.

ஒவ்வொரு பயத்துக்கும் நியாயம் உண்டு. ஆனாலும் ஒளித்து வைப்பதால் அந்தப் பயங்கள் குறைவதில்லை, அடுத்த குடும்பத்தின் தலையில் இன்னும் கனமாக இறங்குகின்றன. புற்றுநோய் தொற்றாது, கீமோ எடுக்கும் பிள்ளைக்குத்தான் மற்றவர்களிடமிருந்து தொற்று வரும் ஆபத்து. இதை ஓர் ஆசிரியர் உங்கள் வாயால் கேட்டால் மறக்க மாட்டார். பெண் பிள்ளைகள் விஷயத்தில் மௌனத்தின் விலை இன்னும் அதிகம். இந்திய மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சேரும் ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கை பெண் பிள்ளைகளைவிட வெகுவாகக் கூடுதல். நோயின் இயல்பு அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கும். மீதிப் பெண் பிள்ளைகள் மருத்துவமனைக்கே வரவில்லை. குணமாகி, படித்து, வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை ஊர் நேரில் பார்த்தால் இன்னொரு வீட்டுப் பெண் பிள்ளையும் பஸ் ஏறும்.

பெற்றோர் ஒன்றுகூடுவது புதிய யோசனை இல்லை. 1970இல் அமெரிக்காவில் சில பெற்றோர் சேர்ந்து கேண்டில்லைட்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் பல நாட்டுப் பெற்றோர் அமைப்புகள் ஒரே கூட்டமைப்பாயின. இந்தியாவில், தாமே புற்றுநோயிலிருந்து மீண்ட பூனம் பகாய் 2004இல் கேன்கிட்ஸ் அமைப்பைத் தொடங்கினார். குணமான இளைஞர்கள் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் துணையோடு 2009இல் மும்பையில் ‘உகம்’ என்ற குழுவை அமைத்தார்கள். தொலைதூரத்திலிருந்து வரும் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கும் செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் 2006இல் மும்பையில் தொடங்கி, சென்னைக்கும் வேலூருக்கும் வந்திருக்கின்றன. அங்கே சமையலறை பொது. ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே சமைக்கிறது. வெளிமாநிலத்து அம்மா சப்பாத்தி தேய்க்கும்போது பக்கத்து அடுப்பில் நம் பக்கத்து அம்மா ரசம் வைக்கிறார். மொழி புரியாவிட்டாலும் யார் பிள்ளைக்கு இன்று கீமோ என்பது அந்த அடுப்படிக்குத் தெரியும். உங்களில் சிலர் அப்படி ஓர் அடுப்படியில் அழுதிருப்பீர்கள், சிலர் அங்கே இன்னொருவருடைய பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்பீர்கள். அந்தத் துணை ஊருக்கு பஸ் ஏறியதும் அறுந்துபோகிறது. விழுப்புரம் தாண்டினால் பேச ஆளில்லை. அறுந்ததை இங்கேயே முடிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு உலகம் கண்ட நல்ல வழிகளில் ஒன்று கோடை முகாம். 1981இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒகிசு முகாம் தொடங்கியது. நடிகர் பால் நியூமன் 1988இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஆஷ்ஃபோர்டில் ஒரு முகாமை நிறுவினார். அயர்லாந்து அரசு ஒரு பழைய கோட்டையைத் தர, 1994இல் பாரெட்ஸ்டவுன் முகாம் உருவாயிற்று. இந்த முகாம்களில் மருத்துவரும் நர்ஸும் முழுநேரமும் இருக்கிறார்கள், ஆனால் முன்னால் வந்து நிற்பதில்லை. முன்னால் நிற்பது விளையாட்டும் மரம் ஏறுதலும் நாடகமும். எதைச் செய்வது, எவ்வளவு தூரம் போவது என்பதைப் பிள்ளை தானே தீர்மானிக்கிறது. மாதக்கணக்கில் பெரியவர்கள் பிடித்துக்கொண்ட கை அது. ஊசிக்கு, மாத்திரைக்கு, ஸ்கேனுக்கு என்று எதற்கும் அதனிடம் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். முகாமில் முதல் முறையாக ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்கிறார்கள். மொட்டைத் தலையை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பாதிப் பேர் மொட்டை.

ஒகிசு போன்ற முகாம்கள் நோயுற்ற பிள்ளையோடு பிறந்தவர்களுக்கும் தனி முகாம் நடத்துகின்றன. இது உங்கள் வீடுகளை நேராகத் தொடும் விஷயம். தம்பிக்கு நோய் வந்தபோது மூத்தவள் அம்மாயி வீட்டில் விடப்பட்டாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு யாரும் வரவில்லை. அவள் பிறந்தநாள் அன்று நீங்கள் வார்டில் இருந்தீர்கள். நான் அவனோடு சண்டை போட்டதால்தான் அவனுக்கு இப்படி வந்ததோ என்று ஏழு வயதுப் பிள்ளை நினைத்துக்கொண்டே இருக்கும், யாரிடமும் சொல்லாது. ‘எங்க வீட்லயும் இப்படித்தான்’ என்று சொல்ல இன்னொரு அக்கா, இன்னொரு அண்ணன் கிடைக்கும் இடம் முகாம் மட்டுமே. அப்பாக்களுக்கும் இதே வழிதான். கூட்டம் போட்டு உட்கார வைத்தால் அப்பாக்கள் பேசுவதில்லை. பந்தல் கட்டவோ அண்டா தூக்கவோ சொன்னால், அந்த வேலைக்கு நடுவே பேச்சு தானாக வரும்.

இப்படியொரு முகாமுக்கு அரும்பாவூரைவிடப் பொருத்தமான ஊரை இந்த இரு மாவட்டங்களிலும் தேட வேண்டியதில்லை. பச்சைமலை அடிவாரம், விசுவக்குடி அணை பக்கத்தில். சற்றுப் பெரிய பிள்ளைகளை ஒரு நாள் வேன் வைத்துச் சாத்தனூருக்கு அழைத்துப்போகலாம். இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தில் மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன 18 மீட்டர் மரம் அங்கே கிடக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஊரின் மரச்சிற்பம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. வாகை, மா, வேம்பு என்று ஏதோ ஒரு கட்டையை எடுத்து, ஒட்டுப்போடாமல் அந்த ஒரே கட்டையிலிருந்து சாமியையும் பிரபையையும் காலடித் தாமரையையும் வெளியே எடுக்கிறார்கள். கொட்டாப்புளி விழும் ஒவ்வொரு முறையும் உளி அரிசி அளவு மட்டுமே நகர்கிறது. அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் விரல் உடைந்துவிடும், வேறு விரல் ஒட்ட முடியாது. இரண்டரை ஆண்டு மாத்திரை சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த வேலையின் வேகம் புரியும்.

பட்டறைக்குள் யாரை அனுமதிப்பது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மரத்தூளிலும் ஈர மண்ணிலும் இருக்கும் பூஞ்சை வித்துகள் எதிர்ப்புச் சக்தி குறைந்த நுரையீரலில் தங்கினால் ஆபத்து. ஆகவே சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்கு உளி, இன்னும் மாத்திரையில் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்பே இழைத்துத் துடைத்த பொம்மைகளும் வண்ணமும். அவர்கள் முகாமுக்கு வருவதே சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான். தட்டணு குறைவாக இருந்தால் ஓட்டப்பந்தயம் வேண்டாம். உடம்பில் குழாய் பொருத்திய பிள்ளை அணைத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கொதித்த தண்ணீர், சூடான சாப்பாடு. வெட்டி வைத்த பழம் கிடையாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், காரணம் தேடி நேரம் கடத்தாமல் அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை மருத்துவமனையில் இருக்க வேண்டும். வாகனம் வாசலிலேயே நிற்கட்டும். அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வரக் கூடாது. வேப்பிலை செருகிய வீட்டுக்குத் தெரியாமல் போய்வந்த பிள்ளை கீமோவில் இருந்தால், கொப்புளம் வருவதற்காகக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். இது ஊர்ப் பக்கம் பலருக்குத் தெரியாமல் உயிரைக் குடிக்கும் விஷயம். உங்களுக்குத் தெரியும்.

முகாமுக்கு, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட பிறகு, அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பான ஏப்ரல் கடைசி நாட்கள் ஏற்றவை. மூன்று நாள் போதும். பதினைந்து குடும்பங்கள் போதும். முன்னின்று நடத்த வேண்டியவர்கள் யார் என்றால், பத்து வயதில் குணமாகி இன்று கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைகள். ஊசிக்குப் பயப்படும் ஆறு வயதுப் பையனுக்கு அவர்கள் பேச்சு வேதவாக்கு.

அவர்களுக்கே இந்தக் கூடுகை தேவையாகவும் இருக்கிறது. குணமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே டாட்டா மருத்துவமனை 1991இல் தனிப் பிரிவு தொடங்கியது. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பலவீனப்படுத்தக்கூடும். மொத்தம் எவ்வளவு மருந்து ஏறியது என்ற கணக்கு அந்தப் பழைய ஃபைலில்தான் இருக்கிறது. உங்கள் மகள் பிள்ளை பெறப் போகும்போது, உங்கள் மகன் முப்பது வயதில் மூச்சு வாங்கும்போது, எதிரே இருக்கும் மருத்துவர் கேட்கப்போவது அதைத்தான். பீரோமேல் கிடப்பதை இறக்கி, சிகிச்சைச் சுருக்கத்தை நகலெடுத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மற்றப் பெற்றோருடன் பழகினால் இந்த மாதிரி செய்தி காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பிள்ளையைப் பறிகொடுத்துத் திரும்பியவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். வெறும் ஃபைலோடு வந்தவர்கள். அவர்களை முகாமுக்கு வாருங்கள் என்று வற்புறுத்தக் கூடாது. வந்தால் வேலை ஏவக் கூடாது. ‘கடவுள் விட்ட வழி’ என்று ஆறுதல் சொல்லவும் கூடாது. பிழைத்த பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாருக்கும் தாங்காது. அவர்களுக்காக வேறொரு நாள், வேறொரு வீட்டில், அவர்களைப் போலவே இழந்த இரண்டு மூன்று பேர் போதும். அங்கே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசலாம். ஊரில் அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதம் ஒரு ஞாயிறு காலை, பெரம்பலூரிலோ அரியலூரிலோ பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் ஏதாவது ஒரு வீட்டில் கூடுங்கள். முதல் மாதம் மூன்று குடும்பம் வந்தாலும் குறைவில்லை. அந்த மூவரும் அரும்பாவூர் சிற்பிகளிடமும் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் நேரில் போய், அடுத்த ஏப்ரலுக்கு இடம் கேளுங்கள். கேட்பவர் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மறுப்பது எளிதல்ல. பிறகு, அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ வார்டு நர்ஸிடமோ ஒரு தாளில் உங்கள் பெயரையும் ஊரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்து, “எங்க பக்கத்துக் குடும்பம் யாராவது வந்தா இதக் குடுங்க, எந்த நேரமா இருந்தாலும் பேசச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.